திராவிட மண்ணின் முள்வால் டைனோசர்: நிலத்து விலங்கா, கடல் விலங்கா?

துவாஸுக்கும் டைனோசருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பலரும் சிரித்துவிடுவார்கள். கப்பல் பட்டறை, கொள்கலன் முனையம், தொழிற்சாலைகள், ஊழியர் தங்குவிடுதிகள், மலேசியாவுக்குப் போகும் இரண்டாவது பாலம். துவாஸ் என்றதும் நினைவுக்கு வருபவை இவைதான். அங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. ஆனால் கொட்டிய மணலுக்கும் அடியில் பழைய பாறை இருக்கிறதல்லவா? சிங்கப்பூரின் மேற்குப் பகுதிப் பாறைகளைப் புவியியலாளர்கள் ஜூரோங் தொகுதி என்கின்றனர். 2019ஆம் ஆண்டு வெளியான திருத்திய வகைப்பாட்டில் அத்தொகுதியின் ஒரு படலத்துக்குத் துவாஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது ட்ரையாசிக் காலத்தைச் சேர்ந்தது. உலகில் முதல் டைனோசர்கள் தலைகாட்டியதும் அந்தக் காலத்தில்தான்.

காலம் பொருந்துகிறது, எலும்புதான் கிடைக்கவில்லை. கெண்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கும் மூன்று நீள்கழுத்து டைனோசர்களும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அண்டை நாடுகளுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. மலேசியாவின் பகாங் மாநிலத்தில் கிடைத்த டைனோசர் பற்கள் பற்றி 2014ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தது. தாய்லாந்தின் வடகிழக்கில் கிடைத்த ஒரேயொரு முதுகெலும்பு, முதுகில் தகடும் வாலில் முள்ளும் கொண்ட ஸ்டெகோசார் இனத்தைச் சேர்ந்தது என்று 2001இல் கண்டறிந்தனர். தென்கிழக்காசியாவில் அந்த இனத்துக்குக் கிடைத்த முதல் சாட்சி அது.

ஆனால் துவாஸில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு ஊழியர்களில் அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக்காரர்கள் பலர் உண்டு. அவர்களுடைய சொந்த மண்ணுக்கு அதே முள்வால் இனத்தில் ஒரு டைனோசர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் திராவிடோசாரஸ். ஆங்கிலத்தில் வெளியான டைனோசர் கலைக்களஞ்சியங்கள் பலவற்றில் அதற்குப் படமும் பக்கமும் உண்டு. தமிழர்களுக்குப் பெருமையான செய்திதானே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அது உண்மையிலேயே டைனோசர்தானா என்ற வழக்கு முப்பது ஆண்டுகளாகத் தீரவில்லை.

கூரைப் பல்லியின் குடும்பம்

வழக்கைப் பார்ப்பதற்கு முன், இந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இக்குடும்பத்தில் நன்கு அறியப்பட்டது அமெரிக்காவின் ஸ்டெகோசாரஸ். 1877ஆம் ஆண்டு அதற்குப் பெயர் சூட்டியவர் ஓத்னியல் மார்ஷ். முதுகுத் தகடுகள் வீட்டுக் கூரை ஓடுகளைப்போல் உடம்பின்மேல் படிந்து கிடந்தன என்று அவர் முதலில் நினைத்தார். அதனால்தான் ‘கூரைப் பல்லி’ என்று பொருள்படும் பெயர். பிறகு முழுமையான எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, தகடுகள் படுத்திருக்கவில்லை, இரண்டு வரிசையாக நிமிர்ந்து நின்றன என்பது தெரிந்தது. கூரை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஒரு பெரிய ஸ்டெகோசாரஸ் 6, 7 மீட்டர் நீளம் இருக்கும். பின்னங்கால்கள் உயரம், முன்னங்கால்கள் குட்டை. ஆகவே இடுப்பு மேலேயும் தலை கீழேயுமாக, எதையோ தேடிக் குனிந்தபடியே நடக்கும் தோற்றம். அது தேடியது தழையைத்தான். நெடிய மரங்களின் உச்சிக் கொழுந்தை நீள்கழுத்து டைனோசர்கள் மேய, தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரம் வரையுள்ள பெரணி, சைக்கஸ், குதிரைவாலிப் புதர் ஆகியவை இதற்குப் போதும். அந்தக் காலத்தில் மேய்ச்சலுக்குப் புல்லே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

வாயின் முன்பகுதியில் பல் இல்லை. ஆமைக்கு இருப்பதுபோல் ஓர் அலகு. கன்னத்துக்குள் சிறிய இலை வடிவப் பற்கள். மாடு அரைப்பதைப்போல் அரைக்க அவற்றால் முடியாது. கணினியில் அதன் தாடையை உருவாக்கிக் கடி விசையைக் கணக்கிட்டதில், ஒரு விரல் தடிமன் குச்சியை ஒடிப்பதே அதன் உச்சம் என்று தெரியவந்தது. அப்படியானால் சில டன் உடம்பு எப்படி வளர்ந்தது? அதிகம் தின்று, மெல்லாமல் விழுங்கி, பெரிய குடலில் நாள்கணக்கில் புளிக்கவைத்துத்தான். மூளையோ மிகச் சிறியது. ஏறக்குறைய 80 கிராம்தான். இவ்வளவு சிறிய மூளை போதாது என்பதால் இடுப்பில் இரண்டாவது மூளை இருந்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இடுப்பெலும்பில் குழி இருப்பது உண்மை. ஆனால் அப்படியொரு குழி இன்றைய பறவைகளுக்கும் இருக்கிறது. அதில் இருப்பது மூளையன்று, சத்துச் சேமிப்புத் திசு. கோழிக்கு இடுப்பில் மூளை இருப்பதாக யாரும் சொல்வதில்லை.

முதுகுத் தகடுகள் கவசம் என்று நினைப்பதும் முழுச் சரியில்லை. அவை மெல்லியவை, உள்ளே இரத்தக் குழாய்கள் ஓடியவை, கடித்தால் உடையும். வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவை பயன்பட்டிருக்கலாம், இணையைக் கவரவும் எதிரியை மிரட்டவும் பயன்பட்டிருக்கலாம். மயில் தோகை பயன்படாத இறகென்று யாராவது சொல்வார்களா?

உண்மையான ஆயுதம் வால். நுனியில் இரண்டு இணை முட்கள். மாட்டுக் கொம்பைப் போலவே உள்ளே எலும்பு, மேலே கொம்புறை. அந்த முள்தொகுதிக்கு அறிவியலில் தனிப்பெயரே இல்லாதிருந்தது. 1982இல் கேரி லார்சன் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் வேடிக்கையாக ‘தாகோமைசர்’ என்று ஒரு பெயர் எழுதினார். ஆய்வாளர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை பெயரோடு சரி, அடி வேடிக்கையன்று. அல்லோசாரஸ் என்ற ஊனுண்ணியின் வாலெலும்பு ஒன்றில் இந்த முள் பாய்ந்த துளை இருக்கிறது. ஸ்டெகோசாரஸ் முட்களை எடுத்து ஆராய்ந்தபோது பத்தில் ஒன்று நுனி முறிந்து ஆறிய தடத்தோடு இருந்தது. அதாவது அடித்திருக்கிறது, முள் முறிந்திருக்கிறது, பிழைத்தும் இருக்கிறது.

கடலில் மிதந்துவந்த கவசம்

முதுகுத் தகடு கொண்ட இந்த ஸ்டெகோசார்களுக்கு ஒரு பங்காளிக் கூட்டம் உண்டு. அவை அங்கிலோசார்கள். உடம்பு முழுக்க எலும்புச் சில்லுகள் பதித்த, தாழ்வான, அகன்ற விலங்குகள். அவற்றில் மிகச் சிறந்த மாதிரி கிடைத்த கதை அரியலூருக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

2011ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், எண்ணெய் மணல் தோண்டும் ஒரு சுரங்கத்தில், மண்வாரி இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் பாறையின் நிறமும் வடிவமும் மாறுவதைக் கவனித்து இயந்திரத்தை நிறுத்தினார். அவர் நிறுத்தியிராவிட்டால் 110 மில்லியன் ஆண்டு பழைய அந்த உடல் அன்று மாலைக்குள் பொடியாகியிருக்கும். வெளிவந்தது போரியலோபெல்டா என்று இன்று அழைக்கப்படும் கவச டைனோசர். எலும்பு மட்டுமன்று, தோலும், சில்லுகளின்மேல் இருந்த கொம்புறையும்கூட அப்படியே கல்லாகியிருந்தன. பாறையிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஒரு தொழில்நுட்பர் ஏறக்குறைய 7,000 மணி நேரம் உழைத்தார். 2017இல் அதற்குப் பெயரிட்டபோது அவருடைய பெயரையே சேர்த்துவிட்டார்கள்.

2020இல் அதன் வயிற்றில் இருந்ததையும் ஆராய்ந்து வெளியிட்டனர். கடைசி உணவு பெரும்பாலும் பெரணி இலை. கண்டதையெல்லாம் மேயாமல், சில பெரணி வகைகளைத் தேர்ந்தெடுத்துத் தின்றிருக்கிறது. கூடவே கொஞ்சம் கரி. காட்டுத் தீ எரிந்து ஓய்ந்த இடத்தில் புதிதாகத் துளிர்த்த தழையை மேய்ந்திருக்கிறது என்று பொருள். நம் ஊர்களில் கோடையில் எரிந்த பொட்டலில் மழைக்குப் பின் துளிர்க்கும் புல்லை ஆடுகள் தேடிப் போவதில்லையா, அதே கணக்கு. உணவிலிருந்த சிறு குச்சியின் வளர்ச்சி வளையத்தைப் பார்த்து, அது இறந்தது வசந்த முடிவுக்கும் நடுக் கோடைக்கும் இடையில் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு விவரம் கிடைத்ததற்குக் காரணம், அந்த விலங்கு கிடந்த இடம். அது நிலத்துப் பாறையில் கிடைக்கவில்லை, கடலடிப் பாறையில் கிடைத்தது. இறந்த உடல் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு, கடலில் மிதந்து, மூழ்கி, சேற்றில் புதைந்திருக்கிறது. நிலத்து விலங்கு கடற்பாறையில் கிடைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அரியலூரில் கிடைத்தது என்ன?

அரியலூர் வட்டாரத்தின் கதையே கடல்தான். 100 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பிருந்து கடல் அங்கே உள்ளே வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. சிப்பி, நத்தை, சுருள் ஓட்டு அம்மோனைட் ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. இன்று அந்தக் கல்தான் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது. அரியலூரில் வீடு கட்டுகிறவர் ஒவ்வொருவரும் கொஞ்சம் பழைய கடலைக் குழைத்துத்தான் பூசுகிறார் என்றால் மிகையில்லை. அதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. கரையில் வளர்ந்த மரம் கடலுக்குள் அடித்துவரப்பட்டுக் கல்லாகியது. மரம் வந்த வழியில் விலங்கும் வரலாம் அல்லவா?

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, கிருஷ்ணன் அய்யாசாமி இருவரும் அரியலூருக்கு அருகே, திருச்சிராப்பள்ளித் தொகுதி எனப்படும் கடற்பாறையில் சில எலும்புகளைக் கண்டெடுத்தனர். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மண்டையோட்டுப் பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், முக்கோணத் தகடுகள், நடுவில் பருத்த ஒரு முள். 1979ஆம் ஆண்டு இந்தியப் புவியியல் கழக இதழில், இது புதிய ஸ்டெகோசார் என்று அறிவித்தார்கள். தென்னிந்தியாவைக் குறித்துத் திராவிடோசாரஸ் என்றும், பழைய ஆங்கிலேயப் புவியியலாளர் பிளான்ஃபோர்டின் நினைவாக பிளான்ஃபோர்டி என்றும் பெயரிட்டனர். உயிரோடிருந்தபோது 3 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம். ஸ்டெகோசாரஸில் பாதிக்கும் குறைவு. நம் எருமையைவிடச் சற்று நீளம்.

உலகம் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் அதன் அளவன்று, வயது. அந்தப் பாறை ஏறக்குறைய 88 மில்லியன் ஆண்டு பழையது. மற்ற நாடுகளில் ஸ்டெகோசார்களின் தடயம் அதற்குப் பத்து மில்லியனுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் அழிந்த ஓர் இனம் தமிழ் மண்ணில் மட்டும் தப்பிப் பிழைத்ததா? நம்ப முடியாததன்று. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் மடகாஸ்கரிலிருந்தும் பிரிந்து தனித் தீவாக வடக்கே நகரத் தொடங்கியது. தீவுகளில் பழைய இனங்கள் ஒளிந்து வாழ்வது உண்டு. 1981இல் இவ்வினத்தை மறுஆய்வு செய்த பீட்டர் கால்ட்டனும் திராவிடோசாரஸை ஏற்றுக்கொண்டார்.

பிறகுதான் எதிர்வாதம். டெக்சஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சங்கர் சட்டர்ஜி 1991இல் அந்த இடத்துக்கே சென்று பார்த்தார். அவருக்குக் கிடைத்தவை பிளீசியோசார் துண்டுகள்தாம். நீண்ட கழுத்தும், கால்களுக்குப் பதிலாக நான்கு துடுப்புகளும் கொண்ட கடல் ஊர்வன அவை, டைனோசர்கள் அல்ல. 1979இல் விவரிக்கப்பட்டவையும் வெயிலிலும் மழையிலும் அரித்துப்போன பிளீசியோசார் எலும்புகளே என்று 1996இல் அவரும் ருத்ராவும் எழுதினர். இந்த வாதத்துக்கு வலு உண்டு. பிளீசியோசாரின் தோள், இடுப்பு எலும்புகள் தட்டையானவை, அகலமானவை. விளிம்பு தேய்ந்துவிட்டால் தகடுபோலத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. பாறையோ கடற்பாறை.

ஆனால் 2004இல் வெளியான டைனோசர் கையேட்டில் கால்ட்டனும் பால் அப்சர்ச்சும் விட்டுக்கொடுக்கவில்லை. மண்டையோடும் தகடுகளும் பிளீசியோசாருடையவை அல்ல, அவற்றை மீண்டும் முறையாக விவரிக்க வேண்டும் என்றனர். இங்கேதான் வழக்கு நிற்கிறது. இரண்டு தரப்பும் ஒரே எலும்புகளைப் பார்த்து இருவேறு விலங்குகளைச் சொல்கின்றன. இன்று பல ஆய்வாளர்கள் திராவிடோசாரஸை ஐயத்துக்குரிய பெயர் என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கலைக்களஞ்சியப் படம் மட்டும் எந்த ஐயமும் இல்லாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஜபல்பூரில் முன்பே நடந்தது

இந்தியாவுக்கு இது புதிதன்று. சார்லஸ் மேட்லி என்ற ஆங்கிலேயர் மத்தியப் பிரதேசத்து ஜபல்பூர்க் குன்றொன்றில் எலும்புகளையும் கவசச் சில்லுகளையும் ஒரே இடத்தில் கண்டு, 1923இல் கவச டைனோசர் என்று அறிவித்தார். லமெட்டாசாரஸ் என்று பெயரும் வைத்தார். 1935இல் சக்கரவர்த்தி என்ற இந்திய ஆய்வாளர் அதைக் கேள்விக்குள்ளாக்கினார். எலும்பு ஊனுண்ணியுடையது, சில்லுகள் நீள்கழுத்துத் தாவர உண்ணியுடையவை, இரண்டும் கலந்துவிட்டன என்பது அவர் வாதம். நீள்கழுத்து டைனோசருக்குக் கவசச் சில்லா என்று பலர் புருவம் உயர்த்தினர். 1980இல் அர்ஜென்டினாவின் சில்லுகள் பதித்த நீள்கழுத்து சால்ட்டாசாரஸ் அறிவிக்கப்பட்ட பிறகு சக்கரவர்த்தியின் பேச்சுக்கு மதிப்புக் கூடியது. 45 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அரியலூரிலேயே இன்னோர் உதாரணமும் உண்டு. கல்லமேட்டில் கிடைத்த ஒரு ‘தகடு’, டைனோசர் யுகத்தின் கடைசிவரை ஸ்டெகோசார்கள் இருந்ததற்குச் சான்றாகக் காட்டப்பட்டு வந்தது. 2017இல் அது நீள்கழுத்து டைனோசரின் எலும்புத் துண்டு என்று எழுதியவர்கள் கால்ட்டனும் அதே அய்யாசாமியும்தான். திராவிடோசாரஸுக்குப் பெயர் வைத்தவரே இன்னொரு தகட்டைப் பட்டியலிலிருந்து எடுக்கத் தயங்கவில்லை. பெயரில் திராவிடம் இருப்பதால் அது டைனோசராகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

மழை வருமுன்

தீர்ப்புச் சொல்லப் புதிய எலும்பு வேண்டும். முழு எலும்புக்கூடு தேவையில்லை. முறியாத ஒரு வால்முள், அல்லது இடுப்போடு ஒட்டிய சில முதுகெலும்புகள் கிடைத்தால் போதும். நிலத்தில் நடந்த விலங்கின் முதுகெலும்புக்கும் நீரில் துடுப்புப் போட்ட விலங்கின் முதுகெலும்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்ந்த கண் உடனே சொல்லிவிடும்.

ஆனால் அரியலூர் எலும்புகள் காத்திருப்பதில்லை. கல்லமேட்டில் 1980களில் கிடைத்த புருகத்காயோசாரஸ் இதற்குச் சாட்சி. யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த அந்த விலங்கின் கால் முன்னெலும்பு மட்டும் 2 மீட்டர். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருக்கக்கூடியது. ஈரம் ஏறிய அந்த எலும்புகள் ஆய்வகத்தைச் சேருமுன்பே கட்டுக்குள்ளேயே பொடியத் தொடங்கிவிட்டன. எஞ்சியிருப்பவை வரைபடங்களும் பழைய புகைப்படங்களும்தாம். அந்தப் புகைப்படங்களை வைத்துத்தான் 2022இல் அய்யாசாமி மற்றோர் ஆய்வாளரோடு சேர்ந்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2024 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் ஒரு ஸ்டெகோசாரஸ் எலும்புக்கூடு 44.6 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது.

இன்று அந்த வட்டாரத்தில் அறிவியலாளர்களைவிட அதிகம் தோண்டுவது சுண்ணாம்புக்கல் சுரங்க இயந்திரங்கள். கிணறு வெட்டுகிறவர்கள், ஏரி தூர்வாருகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் கண்ணிலும் புதைபடிவங்கள் தினமும் படுகின்றன. உருண்டையாக எதைக் கண்டாலும் டைனோசர் முட்டை என்று செய்தி பரவுவதும் உண்டு. 2020 டிசம்பரில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் அப்படித்தான் பரபரப்பு எழுந்தது. முட்டை என்று பேசப்பட்டவை கடலடியில் உருண்டு திரண்ட பாறைக் கட்டிகள், சுற்றிலும் அம்மோனைட்டுகள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. அம்மோனைட்டை யாரும் மதிப்பதில்லை. அந்தப் பாறையின் வயதை நமக்குச் சொல்வதே அதுதான் என்றாலும்.

துவாஸில் மண்வாரி ஓட்டும் ஒருவர் விடுப்பில் ஊருக்குப் போகும்போது கனடா ஊழியர் பார்த்ததைப் பார்க்கக்கூடும். எலும்பா கல்லா என்று அறிய எளிய அடையாளம் ஒன்று: உடைந்த முகத்தில் தேன்கூடுபோல் நுண்துளைகள் இருந்தால் எலும்பாக இருக்கலாம், கல் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். கிடந்த இடத்தைவிட்டு எடுக்காமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்கலாம். எடுத்துவிட்டால் எந்தப் படலத்தில் கிடைத்தது என்ற விவரம் போய்விடும். அது போனால் வயதும் போய்விடும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஓடைக்கரைகள் புதிதாகச் சரிந்து உள்ளே இருப்பது வெளியே தெரியும். அடுத்த மழைக்குள் பார்க்காவிட்டால் அதுவும் கரைந்துவிடும்.